முகவாயில் தொக்கி நிற்பவை



பிரிக்பீல்ட்சில் கூடிய தமிழவையில் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 'துப்பாக்கி' என்னும் வடிவம் திருக்குறளின் 12ஆம் குறளிலேயே உண்டு. அங்கே அதற்கு 'உணவாக ஆக்கி' என்பது பொருள். மாணவர் நகைப்பதற்கு நல்ல இடம். நாம் இன்று வழங்கும் துப்பாக்கியோ துருக்கிய மூலத்தது. மலாயின் செனாப்பாங் டச்சுச் சொல்லின் திரிபு. அச்சொல்லின் ஈற்றில் ஒரு சேவல் நிற்கிறது. கொத்திப் பொறி எழுப்பும் உறுப்பை டச்சுக்காரர் சேவல் என்றனர். நம்மவர் குதிரை என்றனர். அம்முனைக்கு இத்துணை உயிர்ப்புள்ள பெயர் வைத்த நாம், மறுமுனையான முகவாயின் உறுப்புகளுக்குப் பொதுவழக்கில் பெயர் நிலைபெறச் செய்யவில்லை.

பெயரில்லாத உறுப்பு காணாமற்போனால் அதை யாரும் தேடுவதில்லை. கோலாலம்பூரில் உள்ள காவல்துறை அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'பொற்குடம்' என்கையில் 'ஆல்' உருபும் 'ஆகிய' என்னும் பயனும் தொக்கி நிற்பதை எவ்வாறு அறிகிறோம்? எஞ்சிய சொற்களின் உறவால் அறிகிறோம். பழந்துப்பாக்கியையும் அவ்வாறே படிக்கலாம். 1907இன் லீ என்பீல்டில் முகவாயை ஒட்டி ஒரு கனத்த இரும்பு மூடி உண்டு. துப்பாக்கிமுனைக் கத்தி பொருந்துவது அதிலேதான். மூடி இல்லை, முன்மரமும் குறுகியிருக்கிறது என்றால், பிற்காலத்தில் வேட்டைக்காக யாரோ அறுத்திருக்கக்கூடும். நான்காம் எண் துப்பாக்கியில் அம்மூடியே கிடையாது; குழல் வெளியே நீண்டு, அதன்மீதே கத்திக்கான புடைப்புகள் இருக்கும். அங்கே மூடியைத் தேடுவது, எழுவாய் வேற்றுமைக்கு உருபு தேடுவதை ஒக்கும்.

நம் நாட்டோடு நெருங்கியது ஐந்தாம் எண். 1944 முதல் உற்பத்தியாகி, 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் பயன்பட்டது. நான்காம் எண்ணின் குழல் ஏறத்தாழ 640 மில்லிமீட்டர். இதில் 480 அளவே. குழல் குறுகவே வெடிச்சுடர் பெரிதாயிற்று. அதை அடக்க முகவாயில் ஒரு கூம்பு பொருத்தினர், 'சுடர்மறைப்பி' எனலாம். முன்குறியும் கத்திக்கான புடைப்பும் இக்கூம்போடு சேர்ந்தவை. ஆகவே கூம்பு போனால் மூன்றும் போகும். மொட்டைக் குழலே மிஞ்சும். இதற்கு மாறாக, நான்காம் எண்ணின் குழலை அறுத்துக் கூம்பு மாட்டிய போலிகளும் உண்டு. கூம்பைப் பார்த்து ஏமாறாமல் பின்புறம் நோக்குக: உண்மையானதில் எடை குறைப்பதற்காகக் குழலின் அடி சீவப்பட்டிருக்கும், கைப்பிடிக் குமிழும் குடையப்பட்டிருக்கும்.

சப்பானிய அரிசாக்காவில் குழலின்கீழ் வெறுந்துளை தெரிந்தால், துடைப்புக்கோல் தொலைந்தது என்க. லீ என்பீல்டுக்கு அத்தகைய கோல் இல்லை. கயிறே அதன் துடைப்பான்.

இவ்வேறுபாடுகள் நமக்கு ஏன்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்கப் படை வரவழைக்கப்பட்டது. நம்மவர் சுடப்பட்டு மாண்டனர். ஐந்தாம் எண் அப்போது பிறக்கவே இல்லை. அந்நிகழ்வை விளக்கும் பள்ளிச் சுவரொட்டியில் கூம்புவாய்த் துப்பாக்கியை வரைந்தால், தோட்டத்துத் துயரம் ஏழாண்டு பிந்திய வேறொரு போரோடு கலந்துவிடும். கிள்ளான் பள்ளிகளில் இப்பாடம் நடத்துவோர், படத்தின் முகவாயை முதலில் பார்த்துவிட்டு, ஆண்டைப் பிறகு எழுதுக.