எல்ல நகரில் ஓர் அல்லங்காடி

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



வெளியூருக்குப் போகிறவன் எங்கே சாப்பிடுவது, இரவில் எங்கே தங்குவது, எதற்குப் பயப்படுவது என்று சொல்லித்தரும் புத்தகங்களை இன்று எல்லா மொழிகளிலும் வாங்கலாம். வெள்ளைக்காரர் கையில் அவற்றைப் பார்த்து நாம் வியக்கிறோம். ஆனால் நம்மிடம் அந்த வகை இலக்கியம் சங்க காலத்திலேயே இருந்தது. ஆற்றுப்படை என்று அதற்குப் பெயர். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு, இன்ன வழியாகப் போ, இன்னார் வீட்டில் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. அவற்றுள் மலைநாட்டானாகிய எனக்கு மிக நெருக்கமானது மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள். நன்னனுடைய மலைக்குப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் இருக்கும், பார்த்துக் கால் வை. பரணில் இருப்பவர்கள் கவண் கல் எறிவார்கள், ஒதுங்கிப் போ. இருட்டிவிட்டால் நடக்காதே, குகையில் தங்கிக்கொள் என்றெல்லாம் எச்சரிக்கிறது. நடுவிலே சாப்பாடு. மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல், மூங்கில் அரிசிச் சோறு, புளித்த மோர், பலாக்கொட்டை. யார் வீடு என்று தயங்காமல் உங்கள் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழையுங்கள் என்கிறார் புலவர்.

இதை நான் உயர்தர வகுப்பில் பாடத்துக்குப் புறம்பாக ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலில் இருந்து ஒரு மாணவன் கேட்டான்: “சேர், அந்தக் கூத்தருக்குப் பில் கொடுத்தாங்களா?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றைய பேச்சு அந்த மாணவனைப் பற்றியது.

நான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஊவாவுக்கு ஏறி வரும் பெருவீதி எங்கள் ஊருக்கூடாகத்தான் போகிறது. இரவில் எங்கள் வாசலில் நின்றால் கீழே தென்சமவெளியின் விளக்குகள் தெரியும். அந்த ஊர்களில் எதற்கும் நாங்கள் போனதில்லை. விளக்குகளை மட்டும் தெரியும். ‘வெளியில் சாப்பிடுவது’ என்றால் எங்கள் சிறுபராயத்தில் இரண்டே வகைதான். பதுளைக்கோ பண்டாரவளைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு தேத்தண்ணியும் பனிசும். திருவிழாவுக்குப் போனால் கோயிலில் அன்னதானம். உல்லாசமாகச் சாப்பிடும் இடங்கள் மலைநாட்டில் இல்லாமலில்லை. வீதியோர வாடிவீடுகள் இருந்தன. துரைமார் கூடும் கிளப்புகள் இருந்தன. பண்டாரவளை ஹோட்டல் 1893ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அங்கெல்லாம் எங்கள் ஆட்கள் போனார்கள்தான், பின்வாசலால். பங்களா அப்பு என்று ஒருவர் எல்லாத் தோட்டத்திலும் இருந்தார். துரைக்கு என்ன சூப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். லயத்தில் அவர் பெண்டாட்டி சுட்ட ரொட்டியை அவர் ஆறிப்போன பிறகுதான் சாப்பிட்டிருப்பார்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அந்த மாணவனின் தாய், கொழுந்தெடுத்துவிட்டு வந்த ஈர உடுப்போடு என் வீட்டு இஸ்தோப்பில் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சேர், அவன் எல்லவுக்குப் போயிட்டான். கடையில நிக்கிறானாம். சோதனைக்கு இன்னும் கொஞ்ச மாசந்தானே இருக்கு. நீங்க போய்ச் சொன்னா கேப்பான் சேர்.”

அவர் சம்பளம் அப்போது நாளுக்கு ஆயிரம் ரூபா. 2021இல் வர்த்தமானியில் வந்த அந்த ஆயிரம், 2022இல் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் எந்த அளவுக்குக் கரைந்தது என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகன் போனதற்குக் காரணம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் போனேன்.

பெரகலையில் பஸ் மாறி, அப்புத்தளை, பண்டாரவளை வழியாக எல்லவுக்குப் போய்ச் சேர மாலை ஆறு மணியாகிவிட்டது. பகலில் எல்லவுக்குப் போயிருக்கிறேன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கப் போனது. தெமோதரைப் பக்கமாக 1921இல் முடிந்த பாலம். ஏறத்தாழ 24 மீற்றர் உயரம். அன்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன சோற்றுப் பார்சலை மரத்தடியில் சாப்பிட்டோம். நம் நாட்டுச் சனம் சுற்றுலா போகும் முறை அதுதானே. பஸ்ஸிலேயே சோற்றுப் பானை, கறிச்சட்டி, மேளம் எல்லாம் வந்துவிடும்.

இரவில் எல்ல வேறு ஊர். ஒரேயொரு பிரதான வீதி. இருபுறமும் மேல்மாடித் தட்டுகள். பலகை இருக்கைகள், மஞ்சள் விளக்குகள். ஒரு கடையிலிருந்து பொப் மார்லி பாடுகிறார், அடுத்த கடையில் இன்னொருவர் அவரோடு போட்டி போடுகிறார். இரண்டுக்கும் மேலாகக் கேட்பது கொத்து ரொட்டி போடும் சத்தம். அந்தத் தாளத்தில் மட்டும் எந்தப் பாட்டும் குறுக்கிட முடியாது. இத்தாலிய பீட்சாவும் இருக்கிறது, மெக்சிக்கோ உணவும் இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் சோறு கறிதான். பருப்பு, பலாக்காய், கத்தரிக்காய் மோஜு, மாம்பழக் கறி என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுற்றி வைக்கிறார்கள். சில வீடுகளில் சமைக்கவும் கற்றுக் கொடுக்கிறார்கள். காசு கொடுத்துத் தேங்காய் துருவுகிறார்கள் வெள்ளைக்காரப் பெண்கள்! போயா நாளில் மட்டும் மதுபானம் கிடைக்காது. அது தெரியாமல் வந்தவர்கள் முகம் வாடிப்போவதைப் பார்க்க வேண்டுமாம். அவன் சொன்னது.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக்கடையை அல்லங்காடி என்றும் சொல்கிறார். அந்தச் சொல் எல்ல வீதியில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. இத்தனைக்கும் அதை இருபது வருடமாகப் படிப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

அவனைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. கறுப்பு மேற்சட்டையும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தான். என்னைக் கண்டதும் ஏப்ரனைக் கழற்றப் பார்த்தான், பிறகு விட்டுவிட்டான்.

“சேர், அம்மா சொல்லித்தானே வந்தீங்க? மொதல்ல சாப்பிடுங்க.”

உணவுப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தான். சோறு கறி 1,800 ரூபா; அதன்மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம். 1,980. அவன் தாயின் இரண்டு நாள் சம்பளம் என்று மனம் கணக்குப் போட்டது. அதற்குக் கீழே ‘டீ எஸ்டேட் ரொட்டி’ என்று ஒன்று, 900 ரூபா. என்ன அது என்று கேட்டேன். “அம்மா சுடுற ரொட்டிதான் சேர். தேங்காப்பூ போட்டு, கட்டசம்பலோட. நான்தான் முதலாளிக்குச் செஞ்சு காட்டினேன். இப்ப அதுதான் ஓடுது.” அதையே கேட்டேன். நேயர்களே, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் லயத்து ரொட்டியை முள்ளுக்கரண்டியோடு கொண்டுவந்து வைத்தால் சாப்பிடுகிறவனுக்குக் கை எங்கே போவதென்று தெரிவதில்லை.

பக்கத்து மேசையில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா அவனிடம் இந்த ரொட்டியை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அவன் ஆங்கிலம் தங்குதடையில்லாமல் வந்தது. எங்கள் பாடசாலை அவனுக்கு அந்த ஆங்கிலத்தைக் கொடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். தன் தாய்க்கு மலையில் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டம் இருப்பதாகவும், அவர் கற்றுக் கொடுத்ததாகவும் சொன்னான். சொல்லிவிட்டு என் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம், விடுதி நண்பர்கள் கேட்டபோது, என் தகப்பனார் தேயிலைக் கம்பனியில் உத்தியோகம் பார்க்கிறார் என்று நானும் சொல்லியிருக்கிறேன். கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கையோடு அவர் என்னைப் பார்க்க விடுதிக்கு வந்த அன்று, வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். அவர் கொண்டுவந்த பார்சலில் இருந்ததும் இதே ரொட்டிதான். இதை இன்றுவரை வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

எனக்குத் திரும்பிப் போக பஸ் இல்லை. கடை மூடும்வரை ஒரு மூலையில் இருந்தேன். மதுரைக்காஞ்சியில் இரவு யாமம் யாமமாக நகரும். முதல் யாமத்துச் சந்தடி அடங்கி, இரண்டாம் யாமத்தில் கடைகள் அடைபடும்போது ஒரு காட்சி வருகிறது: அப்பவாணிகர், கூவியர் என்று பெயர், தங்கள் பண்டங்களோடு இருந்தபடியே தூங்கி விழுகிறார்கள். பன்னிரண்டு மணிக்குமேல் கடைசி மேசையைத் துடைத்துவிட்டு எனக்கெதிரே வாங்கில் வந்து உட்கார்ந்தவன், நான் பேசத் தொடங்குமுன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். வாய் திறந்திருந்தது. கையில் துடைப்பத் துணி. பத்தொன்பது வயதுப் பிள்ளை.

கால்மணி நேரம் விட்டுத்தான் எழுப்பினேன். வெறுந்தேத்தண்ணி போட்டு வந்தான். சோதனையைப் பற்றிச் சொன்னேன். பாடசாலை மூலம் விண்ணப்பம் போய்விட்டது, வந்து எழுதினால் மட்டும் போதும் என்றேன். அவன் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சேர், ரெண்டு ராத்திரியில கெடைக்கிற டிப்ஸ் அம்மாவோட ஒரு கிழமச் சம்பளத்துக்கு மேல. நான் எழுதிப் பாஸ் பண்ணி, கெம்பஸ் போய், வேல எடுக்க ஏழெட்டு வருசம். அதுவரைக்கும் அம்மா ஏறணும், எறங்கணும்.”

எனக்குப் பதில் இருக்கவில்லை. வழக்கமான பதில்கள் எல்லாம் இருந்தன. அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. அவனே தொடர்ந்தான்.

“நீங்க சொன்ன பாட்டுல சாப்பிட்டவங்களப் பத்தி இருக்கு. குடுத்த ராசா பேரு இருக்கு. சமைச்சவங்க பேரு இல்லையே சேர்.”

அப்போதுதான் கூவியரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். பெயர் இல்லைதான், ஆனால் மாநகரத்தின் செல்வத்தையும் படையையும் பாடிய புலவர், தூங்கி விழும் அப்பக்காரனுக்கும் இடம் வைத்திருக்கிறார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவராவது பார்த்திருக்காரு” என்றான். பிறகு தன் கைத்தொலைபேசியில் பாங்கொக் நகரத்துப் பெண்மணி ஒருவரைக் காட்டினான். ஜே ஃபாய் என்று பெயர். கண்ணுக்குப் பனிச்சறுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கரி அடுப்பில், தெருவோரத்தில் நண்டு முட்டைப் பொரியல் போடுகிறார். 2017 டிசம்பரில் வெளியான மிச்செலின் வழிகாட்டி நூல் அவருக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்தது. உலகத்தின் பெரிய ஹோட்டல்கள் ஏங்கும் நட்சத்திரம். “பாருங்க சேர், கடைக்கு இவங்க பேருதான்.” அவன் கண்ணில் நான் வகுப்பில் ஒருநாளும் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. ஆசிரியனாக இருந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான்.

முடிவில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவன் முதலாளி, ஒரு சிங்களப் பெரியவர், எனக்கு அன்றிரவு படுக்கவும் இடம் கொடுத்தார். காலையில் அவரிடமே பேசினேன். சோதனைக்கு முன் ஒரு மாத லீவும், சோதனை நாட்களும் தருவதாகச் சொன்னார். சொன்னபடி தந்தார். 2024 ஜனவரியில் நடந்த பரீட்சைக்கு அவன் தோற்றினான். தமிழில் பீ சித்தி; மற்ற இரண்டிலும் சாதாரண சித்தி. பல்கலைக்கழகத்துக்கு அது போதாது. மீண்டும் எழுது என்றேன். சிரித்துக்கொண்டு எல்லவுக்குப் பஸ் ஏறிவிட்டான். என் முயற்சி வென்றதா தோற்றதா என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போது நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

விருந்தாளியாக எல்லவுக்குப் போகிற நேயர்களுக்கு ஒரு வார்த்தை. போய்ச் சாப்பிடுங்கள், பாட்டுக் கேளுங்கள். ஆனால் இரவில் மலையிறங்க அவசரப்படாதீர்கள். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்து திரும்பிய பஸ்ஸொன்று பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் இறந்தார்கள். இருட்டினால் தங்கிவிடு என்று பெருங்கௌசிகனார் சொன்னது வெறும் கவிதையல்ல. மலையும் எங்களை எப்போதும் ஏந்திக்கொண்டிருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி, எங்கள் ஹல்துமுல்லைப் பிரதேசத்து மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடிவிட்டது.

2025 தைப்பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, அந்தத் தாயையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு எல்லவுக்குப் போனேன். அந்த அம்மா அதற்கு முன் அந்த வீதியில் ஒரு கடைக்குள்ளும் நுழைந்ததில்லை. படியேறுமுன் செருப்பைக் கழற்றப் போனார். என் மனைவி கையைப் பிடித்துத் தடுத்தார். அவன் குசினியிலிருந்து வந்து, முள்ளுக்கரண்டியில்லாமல், மூன்று தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தான். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். அவர்களிடம் ஏதோ சொன்னான். கொழுந்தெடுப்பவர், இந்த ரொட்டிக்குச் சொந்தக்காரர் என்ற அளவில் எனக்கு விளங்கியது. அவர்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள்.

“என்னடா சொன்ன?” என்று கேட்டார் தாய்.

“ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க.”

அவர் ஒரு துண்டு பிய்த்து, சம்பலில் தொட்டு, வாயில் போட்டு நிதானமாக மென்றார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உப்புக் கூட. தேசிக்கா பத்தாது” என்றார்.

அவன் தேசிக்காய் எடுக்க உள்ளே ஓடினான்.