மத்தியானம் ஆனா ஆஃப் ஆகுற கம்ப்யூட்டர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு கோடிங் பத்தி பேசப் போறதில்ல. ஒரு சிபியூ சூடாகி ஆஃப் ஆன கதை. அதுல நான் பண்ண ஒரு தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

முத்தியால்பேட்டையில எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு அண்ணன் ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கார். நான் இன்ஜினியரிங் படிச்சப்போ என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பைண்டிங் பண்ணிக் கொடுத்ததே அவர்தான். கடையில ஒரே ஒரு டெஸ்க்டாப். ஆறாம் தலைமுறை கோர் ஐ5, அதோட பாக்ஸ்லயே வந்த இன்டெல் கூலர்.

போன கத்திரி வெயில்ல அவர் போன் பண்ணார். "தம்பி, காலையில நல்லாதான் ஓடுது. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு மேல பொட்டுனு ஆஃப் ஆயிடுது. சர்வீஸ் பண்றவர் போர்டு போயிடுச்சுன்னு சொல்றார். மாத்திடலாமா?"

அது சென்டாக் விண்ணப்ப நேரம். பிளஸ் டூ முடிச்ச பசங்க அப்பா அம்மாவோட வந்து வரிசையில நிப்பாங்க. பாதி ஃபார்ம் நிரப்பி, ஓடிபி போட்டு, சர்டிபிகேட் அப்லோட் ஆகும்போது மிஷின் அணைஞ்சா என்ன ஆகும்? பசங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க. வருஷத்துல அவருக்கு நல்ல வருமானம் வர்றது அந்த சில வாரம்தான்.

"மத்தியானம்"ங்கிற வார்த்தைதான் எனக்கு முதல் துப்பு. சிபியூவோட சூடு எப்பவும் அறையோட சூட்டுக்கு மேலதான் ஏறும். உங்க கூலர், முழு வேலையில, அறையை விட 45 டிகிரி அதிகமா வச்சிருக்குன்னு வைங்க. 25 டிகிரி ஏசி ரூம்ல 70 வரும். நம்ம ஊர் மே மாசத்துல, ஷீட் போட்ட கடைக்குள்ள 38 இருந்தா 83 வரும். மிஷின் அதேதான், வெயில் மட்டும்தான் வேற. போர்டு போயிருந்தா அது கடிகாரம் பார்த்தா கெடும்?

இந்த சிபியூவுக்கு வரம்பு 100 டிகிரி. அதைத் தொட்டா முதல்ல தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். அதுக்கும் அடங்காம ஏறினா, உள்ள பொசுங்கிடக் கூடாதுன்னு பவரையே வெட்டிடும். அதனாலதான் எரர் மெசேஜ் எதுவும் வராம பொட்டுனு அணையுது. ஆனா எஸ்எம்பிஎஸ் பழுதானாலும் இதே மாதிரிதான் அணையும். அதனால ஊகிக்காம அளக்கணும். லினக்ஸ்ல 'சென்சார்ஸ்'னு ஒரு கமாண்ட் இருக்கு. விண்டோஸ்னா கோர் டெம்ப் மாதிரி ஒரு இலவச மென்பொருள் போதும்.

சும்மா இருக்கும்போதே 68 காட்டுச்சு. கேபினெட்டைத் திறந்தேன். பக்கத்துல பஜ்ஜிக் கடை. எண்ணெய்ப் புகையும் தூசியும் கடல் காத்தோட ஈரமும் சேர்ந்து ஹீட்சிங்க் மேல கம்பளி மாதிரி படிஞ்சிருந்துது. ப்ளோயர் வச்சு ஊதினேன். ஒட்டியிருந்ததை பிரஷ்ஷால எடுத்தேன். இங்க ஒரு விஷயம்: ஊதும்போது ஃபேன் றெக்கையை விரலால பிடிச்சுக்கோங்க. தாறுமாறா சுத்த விட்டா பேரிங் கெட்டுடும்.

திரும்ப ஆன் பண்ணா 57. "முடிஞ்சுது அண்ணே"ன்னு சொல்லிட்டு, ஒரு டீயும் குடிச்சிட்டு வந்துட்டேன்.

மறுநாள் பன்னெண்டரைக்கு போன். ஒரு பொண்ணோட ஃபார்ம் பாதியில இருக்கும்போது மறுபடியும் ஆஃப். அவங்க அம்மா பாகூர்ல இருந்து பஸ் ஏறி வந்தவங்களாம். அண்ணன் என்னைத் திட்டல. "போர்டையே மாத்திடட்டுமா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

என் தப்பு என்னன்னா, சும்மா இருக்கும்போது உள்ள சூட்டை மட்டும் பார்த்துட்டு கிளம்பிட்டேன். லோடு கொடுத்துப் பார்க்கவே இல்ல. ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணாம ஒரு வரி கோடு கூட அனுப்ப மாட்டேன். இங்க மட்டும் அனுப்பிட்டேன்.

அன்னைக்குப் போய் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினேன். அஞ்சே செகண்ட்ல 57-ல இருந்து 98. நிறுத்தின உடனே சட்டுனு இறங்குது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க: சூடு பத்து பதினஞ்சு நிமிஷம் எடுத்து மெதுவா ஏறினா, காத்தோட்டம், தூசி, அறைச் சூடு, இதுல ஒண்ணுதான் காரணமா இருக்கும். சில செகண்ட்ல தாவினா, சிபியூவுல பிறக்கிற சூடு ஹீட்சிங்க்குக்கே போய்ச் சேரலன்னு அர்த்தம். ஃபேன் எவ்வளவு சுத்தியும் பிரயோஜனம் இல்ல.

கூலரை லேசா ஆட்டிப் பார்த்தேன். ஒரு மூலை ஆடுச்சு. இந்த இன்டெல் கூலர்ல நாலு பிளாஸ்டிக் பின் இருக்கும். மேல அம்புக்குறி. அந்தப் பக்கம் திருப்பினா லாக் விடும். மாட்டும்போது எதிர்ப்பக்கம் திருப்பி வச்சிட்டுத்தான் அழுத்தணும். முன்ன யாரோ கழட்டி மாட்டினப்போ ஒரு பின்னைத் திருப்பாமலே அழுத்தியிருக்காங்க. மேல பார்த்தா சரியா இருக்கும், அடியில பிடிக்காது. மூணு காலுல நிக்கிற ஸ்டூல் மாதிரி. பேஸ்ட்டும் காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துது.

ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டு ரெண்டு பக்கமும் துடைச்சேன். நடுவுல ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட். கண்ணுக்குத் தெரியாத இடுக்குல இருக்கிற காத்தை வெளிய தள்றதுதான் அதோட வேலை. அதனால அள்ளிப் பூச வேண்டாம். நாலு பின்னையும் குறுக்குக் குறுக்கா, எதிரெதிர் மூலையா அழுத்தினேன். அப்புறம் போர்டைக் கழட்டி பின்பக்கம் பார்த்தேன். நாலுலயும் வெள்ளைக் கால் விரிஞ்சு, நடுவுல கறுப்பு பின் வெளிய தெரிஞ்சுது. அதைப் பார்த்தாதான் நம்பணும்.

இந்த தடவை மத்தியானம் ஒரு மணிக்கு, அரை மணி நேரம் முழு லோடு. 76-ஐத் தாண்டல. மேஜைக்குள்ள சூடான காத்து அடைஞ்சு நிக்காம இருக்க, பின்னாடி இருந்த பிளைவுட்டையும் கழட்டி, சுவத்துல இருந்து ஒரு சாண் தள்ளி வச்சோம். கேபினெட் மூடியை மட்டும் திறந்து போடாதீங்க. தூசியும் வரும், பல்லியும் வரும்.

செலவு பேஸ்ட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் ஆன சில நூறு ரூபாதான். போர்டு அதே போர்டு. அந்தப் பொண்ணு மறுநாள் வந்து ஃபார்மை முடிச்சிட்டுப் போனாளாம். பஸ் காசை அண்ணன் கொடுத்திருக்கார். அதை நான்தான் கொடுத்திருக்கணும்.

உங்க மிஷின் சூடானா, எதையும் வாங்குறதுக்கு முன்னாடி, சூடு எவ்வளவு நேரத்துல ஏறுதுன்னு பாருங்க. சரி பண்ணிட்டோம்னு சொல்றதுக்கு முன்னாடி, எந்த நேரத்துல கெட்டுச்சோ அந்த நேரத்துலயே சோதிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.