மண் போனால் கொழுந்து ஏது?

(தாராபுரத்தில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பாட்டன் பூட்டன்மார் இந்த மன்னார்க் கரையில் இறங்கித்தான் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். இந்தத் தீவின் முஸ்லிம் மக்களும் 1990 ஒக்டோபரில் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள். ஆகவே மண்ணின் அருமையை இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த மண் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்பதையே பேச வந்தேன்.

மலைக்குப் போனவர்கள் முதலில் செய்த வேலை காடு வெட்டியது. கோப்பி நட்டார்கள். மலை முழுக்க ஒரே பயிர் இருந்ததால், 1869இல் கண்டறியப்பட்ட இலைநோய் தோட்டந்தோட்டமாகப் பரவி கோப்பியை அழித்தது. பிறகு தேயிலை வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கியது மலையெங்கும் பரவியது. பயிர் மாறியது, காடு திரும்பவில்லை.

எங்கள் பாடசாலைக்குக் கீழே ஓடும் ஆறு, பெருமழை பெய்தால் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறமாகிவிடும். "ஏன் சேர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓடுவது நம் மலையின் மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான வருடங்கள் வேண்டும். போவதற்கு சில மழைக்காலம் போதும்.

உலகத்தின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விவசாயத்தின் கையில்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மேய்ச்சல் நிலம். மனிதர் எடுக்கும் நன்னீரில் சுமார் 70 வீதம் விவசாயத்துக்கே போகிறது. பிரேசிலில் மாட்டுப் பண்ணைக்காகவும் இந்தோனேசியாவில் செம்பனைக்காகவும் காடு அழிகிறது. இலாபம் வெளியே போகிறது. கெட்ட மண் அங்கே வாழ்பவனுக்கு மிஞ்சுகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடுத்தார்கள். மாற்று உரம் தயாராக இல்லை. வருடம் முடியுமுன் தடையை நீக்கினார்கள். ஆனால் உர விலை ஏறிவிட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடியாக இறங்கியது. கிலோ குறைந்தால் யாருக்கு அரைப்பேர் விழுகிறது? கூடை சுமக்கும் நம் பெண்களுக்குத்தான். மண்ணைக் காக்க வேண்டும் என்பது சரி. மண்ணில் நிற்பவரைக் கேட்காமல் முடிவெடுத்ததுதான் பிழை.

நம் பக்கத்தையும் சொல்கிறேன். கவ்வாத்து மிலாறை அடுப்புக்கு எடுக்கிறோம். கேஸ் வாங்க வழியில்லை. ஆனால் இலையையாவது மலையிலேயே விட்டு வருவோம். அது மண்ணுக்குப் போர்வை.

நிர்வாகங்களிடம் நாம் கேட்பது: கான்களைத் துப்புரவாக்க ஆள் போடுங்கள். வெட்டிய நிழல் மரத்துக்கு மரம் நடுங்கள். அரசிடம் கேட்பது: வீட்டுக்கு மட்டுமல்ல, பயிர் செய்யவும் உறுதியோடு காணி தாருங்கள்.

தன் பேரப்பிள்ளைக்குப் போகும் மண்ணை யாரும் ஆற்றில் விடமாட்டார்கள். காணி உரிமையும் மண் பாதுகாப்பும் ஒரே கோரிக்கைதான், தோழர்களே.