திரைக்குப் பின்னே பாலர் சபை

(விழிஞ்ஞத்தில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னும் சிறிது நேரத்தில் நம் குடியிருப்புச் சிறுவர் சிறுமியர் இம்மேடையில் பாடி நடிக்க இருக்கிறார்கள். அதற்கு முன், இவர்களை ஒத்த சிறுவர்களையே கொண்டு தமிழ்நாட்டில் நடந்த பாலர் நாடக சபைகளைப் பற்றிச் சில கூற விழைகிறோம். அச்சபைகள் மேடையில் பெற்ற புகழை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திரைக்குப் பின்னே நடந்தது நம் செவிக்கு அவ்வளவாக எட்டியதில்லை.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில்தான் 1912 இல் டி. கே. சண்முகம் பிறந்தார். ஆறு வயதில், 1918 இல், மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஆசிரியராக விளங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தமையன்மாருடன் சேர்ந்தார். 1925 இல் சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தாமே நிறுவியதும் திருவனந்தபுரத்திலேயே. நாகர்கோவிலிலிருந்து அச்சபைக்கு வந்த கிருஷ்ணன் என்ற இளைஞரே பின்னாளில் கலைவாணர் ஆனார்.

அக்காலத்து நாடகம் பெரும்பாலும் பாட்டே. ஒலிபெருக்கி கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். ஆகவே உச்சத் தாயியில் தங்கு தடையின்றிப் பாடும் சிறுவனின் குரலே சபையின் மூலதனம். ராஜபார்ட்டும் அவனே, பெண் வேடமாகிய ஸ்திரீபார்ட்டும் அவனே.

அம்மூலதனத்தைச் சபை எவ்வாறு வளர்த்தது? பெற்றோருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பிள்ளையை அழைத்துச் செல்வார்கள். கம்பெனி வீடே அவனுக்கு வீடு. வாத்தியாரே தாயும் தந்தையும். பகலில் பாடமும் ஒத்திகையும் நடக்கும். ஹார்மோனியத்தின் சுருதியோடு குரலை இணைத்து, ஒரு வரியைப் பிழையறப் பாடும்வரை பலமுறை பாட வைப்பார்கள். இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியற்காலம் வரை நீளும். பிழை செய்தால் பிரம்படி உண்டு. ஓர் ஊரில் வசூல் குறைந்தால் பெட்டிகளையும் திரைகளையும் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ரயில் ஏறுவார்கள். பள்ளிக்கூடம் என்பது அப்பிள்ளைகளுக்கு இல்லை. ஆயினும் தமிழ் இருந்தது. அபிமன்யு சுந்தரி என்ற நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். அத்தகைய புலவரிடம் நேரே பாடம் கேட்டவர்கள் அச்சிறுவர்கள். ழகர லகர ளகர வேறுபாடு பிழைபடாமல் பேச அவர்கள் நாவைப் பழக்கியது அம்மேடையே.

இனி, இவ்வுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் சிறுவனின் குரல்வளை வளர்கிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நேற்றுவரை மணிபோல் ஒலித்த குரல் இன்று பாதிப் பாட்டில் பிளந்து கரகரக்கும். இதனை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். சில மாதங்களிலோ ஓரிரண்டு ஆண்டுகளிலோ குரல் நிலைபெறும்; பழைய குரல் மட்டும் திரும்புவதில்லை. உடலில் இயற்கையாய் நிகழும் இம்மாற்றம், சபைச் சிறுவனுக்கோ பிழைப்பையே பறிக்கும் பேரிடியாய் இருந்தது. அவன் வேடம் வேறொரு சிறுவனுக்குப் போகும். சிலர் சிறு வேடங்களில் ஒதுங்கினர். சிலர் ஊர் திரும்பினர்.

புதுக்கோட்டை பி. யு. சின்னப்பா அவ்வாறு திரும்பியவர்களுள் ஒருவர். பாலர் சபையில் புகழ்பெற்றிருந்த அவர், குரல் உடைந்தபின் சபையை விட்டார். ஆனால் சோர்ந்துவிடவில்லை, கருநாடக இசையை முறையாகப் பயின்றார், சிலம்பமும் கற்றார். 1940 இல் வெளிவந்த உத்தம புத்திரன் படத்தின் வழியே தமிழகம் கொண்டாடும் நடிகரானார். அவர் மீண்டார். மீளாதவர்களின் பெயரை நாம் அறியோம். அறியாததே அவர்களுக்கு நேர்ந்ததைச் சொல்லும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கொடுமையன்று. ஐரோப்பாவில் வியன்னா நகரின் புனித ஸ்தேவான் பேராலயத்தில் பாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், குரல் உடைந்ததும் 1749 இல் பாடகர் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்டான். அவனே பின்னர் உலகம் போற்றும் இசைமேதையான யோசப் ஹைடன்.

சங்கரதாஸ் சுவாமிகளின் இறுதிக்காலமும் இங்கே நினைவுக்கு வருகிறது. எத்தனையோ சிறுவர்களின் நாவைத் திருத்திய அவர், பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922 இல் புதுச்சேரியில் மறைந்தார். குரல் எவருக்கும் நிலையான உடைமையன்று. அக்குரலுக்குள் ஆசிரியர் ஊன்றிய தமிழோ மாணவரிடம் நிலைத்தது. அன்று மழலைக் குரலில் பாடிய சண்முகம், வளர்ந்து ஆளானபின் ஔவைப் பாட்டியாய் நடித்து ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றதற்கு அதுவே காரணம் எனலாம்.

அன்பர்களே! பிழைப்பை நாடித் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்து இக்கடற்கரைக்கு வந்திருக்கிறோம். நம் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லை. அவர்கள் வாய்விட்டுத் தமிழை முழங்கும் இடம் இம்மேடை ஒன்றே. ஆகவே பாலர் சபையின் பயிற்சியை நாம் மேற்கொள்வோம். அதன் பிரம்பைக் கைவிடுவோம். அனைத்தினும் மேலாக, குரலுக்காகப் பிள்ளையைக் கொண்டாடி, குரல் போனதும் பிள்ளையைக் கைவிடும் வழக்கம் நம்மிடையே தலையெடுக்க விடலாகாது. இறைவணக்கம் பாடிய சிறுவனுக்குக் குரல் உடைந்தால், ஒத்திகையில் இளையோர்க்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்போம். திரைக்குப் பின்னே நின்று வசனத்தை எடுத்துக் கொடுக்கட்டும், தாளம் போடட்டும், நாடகம் எழுதிப் பார்க்கட்டும். பதினான்கு வயதில் சங்கத்தை விட்டு விலகுபவன் தமிழையும் விட்டு விலகக்கூடும் என்பதைப் பெற்றோரும் சங்கத்தாரும் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

குழந்தைகள் காத்திருக்கிறார்கள். பாடும் பிள்ளைக்கும், திரையை இழுக்கும் பிள்ளைக்கும் ஒன்றுபோலக் கைதட்டி மகிழ்வோமாக.