பேறுகாலப் பரிசோதனை: குடும்பத்தாரின் பொறுப்பு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

எத்தனையோ ஜனாஸாத் தொழுகைகளை நடத்தியிருக்கிறோம். ஆயினும் முன்னர் நாம் பணியாற்றிய ஊரில், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த ஓர் இளம்பெண்ணின் ஜனாஸாவை நாம் மறக்க இயலவில்லை. கால்கள் வீங்கின, பிள்ளைத்தாய்ச்சிக்கு அது வழக்கம் என்றார்கள். தலை வலித்தது, தைலம் தடவினார்கள். கண் மங்கியது, உறக்கக் குறைவு என்றார்கள். வலிப்புக் கண்ட பிறகே வாகனம் தேடினார்கள். கணவர் ஊரில் ஐந்தாம் மாதம் வரை பரிசோதனை நடந்திருந்தது. அந்த அட்டை அங்கேயே தங்கிவிட்டது. தாய்வீட்டில் ஒருவரும் இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. அன்பாகப் பேணிய குடும்பத்தில்தான் இது நிகழ்ந்தது.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மருத்துவமனை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கர்ப்பகாலத்தின் பெரும் ஆபத்துகள் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதே இதற்கு விடையாகும். இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினாலும், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலும், சர்க்கரை ஏறினாலும் அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். ஒருமுறை அளந்தாலும் போதாது. சென்ற மாத அளவோடு ஒப்பிடும்போதே ஏற்றமும் இறக்கமும் புலப்படும். ஆகவேதான் தவறாமல் செல்லுமாறு கூறுகிறார்கள்.

12 வாரங்களுக்குள் பதிவு செய்து, குறைந்தது 4 முறையேனும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்பது நம் நாட்டு அரசின் நெறிமுறை. 8 முறை வேண்டும் என 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

இதற்குக் குறுக்கே நிற்கும் சில பழக்கங்களை இங்குச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, கண்ணேறு படும் என அஞ்சி மூன்று மாதம் வரை மறைப்பது. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகத் தொடங்குவது முதல் வாரங்களில்தான். ஃபோலிக் அமில மாத்திரை அப்போதே தேவை. ஊராரிடம் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவது. மலம் கறுப்பாவது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேநீருடன் உட்கொண்டால் சத்து உடலில் சேர்வது குறையும்.

மூன்றாவது, தாய்வீடு செல்லும்போது சேலையும் நகையும் செல்கின்றன, பரிசோதனை அட்டை செல்வதில்லை. அழுத்தம் ஏறும் வாய்ப்பு மிகுந்த கடைசி மாதங்களில்தான் அவள் புதிய ஊரில் இருக்கிறாள். அட்டையை முதலில் எடுத்து வையுங்கள்.

ரமலான் குறித்தும் நம்மிடம் கேட்கிறார்கள். நோன்பினால் தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. மருத்துவர் தடுத்த பின்னும் மாமியாருக்கு அஞ்சி நோன்பிருப்பது பேணுதல் ஆகாது. விடுபட்ட நோன்பை நிறைவேற்றும் முறையை ஆலிம்களிடம் கேட்டறியலாம்.

வளைகுடாவில் இருக்கும் கணவர்மார்களே! தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்பதோடு, "இம்முறை அழுத்தம் எவ்வளவு? அடுத்த பரிசோதனை என்று?" எனவும் கேளுங்கள். 2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குக் கட்டணமில்லாச் சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. அழைத்துச் செல்ல ஆளில்லை என்று எந்த வீட்டிலும் சொல்லும் நிலை வேண்டாம். அண்டை வீட்டார் துணை செல்லுங்கள்.

கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், இரத்தப்போக்கு, நீர்க்கசிவு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் எனக் காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

நம் மஹல்லாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் காதிலும் பாங்கு ஒலிக்கும்போது, அதைக் கேட்டு மகிழ அதன் தாயும் நலமுடன் இருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.