விதை நெல்லின் உயிர்



தஞ்சைத் தரணியில் சம்பாவுக்கு நாற்று விடும் நாட்களில், என் பாட்டனார் விதை நெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்கால் நீரில் ஊறப் போடுவார். மறுநாள் கரையேற்றி, வைக்கோலால் மூடி முளை கட்டுவார். ஓராண்டு, மழைக்கு ஒழுகிய பத்தாயத்தில் கிடந்த விதையிற் பாதிக்குமேல் முளைக்கவில்லை. கடன் வாங்கி வேறு விதை தேட வேண்டியதாயிற்று. நாற்றும் பிந்தியது, விளைச்சலும் குன்றியது. "விதையின் உயிர் ஒடுங்கிவிட்டதப்பா" என்றார் அவர். அவ்வுயிர் எவ்வழியே போயிற்று? கல்லூரியில் சேர்ந்த பின்னரே எனக்கு விடை கிடைத்தது.

ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு சவ்வு சூழ்ந்துள்ளது. இரண்டு இலட்சம் சவ்வுகளை அடுக்கினாலும் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அதனை ஆக்குகின்றன. நீரை நாடும் தலைகள் வெளிப்புறமாகவும், நீரை ஒதுக்கும் வால்கள் உட்புறமாகவும் அமைந்திருக்கும். இவை சுவரிற் பதித்த செங்கற்கள் அல்ல. 1972ஆம் ஆண்டில் சிங்கர், நிக்கல்சன் என்னும் அறிஞர்கள், சவ்வு நீர்மம் போல் இயங்குவது என்று விளக்கினர். ஒரு கொழுப்பு மூலக்கூறு ஒரு விநாடியில் 2 மைக்ரோமீட்டர் அளவு பக்கவாட்டில் நகரவல்லது. ஆயின், ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தானே புரள்வது மிக அரிது. குளத்து ஆகாயத்தாமரை காற்றுக்கு அங்குமிங்கும் திரியுமேயன்றித் தலைகீழாகப் புரள்வதில்லை அல்லவா? அது போன்றதே இதுவும்.

நன்கு உலர்ந்த நெல்லில் இவ்வியக்கம், உறைந்த நெய் போலப் பெரிதும் அடங்கிக் கிடக்கிறது. நீரில் ஊறும்போது சவ்வு மீண்டும் நெகிழ்ந்து ஒழுங்கு பெறுகிறது. அந்த இடைவேளையில் உள்ளிருக்கும் உப்புகளும் சர்க்கரையும் சிறிது வெளியே கசியும். நல்ல விதையிற் கசிவு விரைவில் அடங்கிவிடும். ஈரத்திலும் வெப்பத்திலும் கிடந்த விதையிலோ, ஆக்சிஜன் கொழுப்பு மூலக்கூறுகளைச் சிதைத்திருக்கும். சவ்வு சீர்படாது, கசிவும் நில்லாது. பாட்டனாரின் விதை இழந்த உயிர் இவ்வழியே போயிற்று. விதை ஊறிய நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளந்தே, ஆய்வாளர் இன்று விதையின் வீரியத்தை மதிப்பிடுகின்றனர்.

சான்று பெற்ற விதை நெல்லில் ஈரம் 13 விழுக்காட்டை மிஞ்சலாகாது. நூற்றுக்கு 80 மணியேனும் முளைக்க வேண்டும். இவ்விதியின் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். நாற்று விடுமுன், உங்கள் வீட்டு விதையில் நூறு மணிகளை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு அந்த மெல்லிய சவ்வை நம்பியே இருக்கிறது.