டிஷ் ஆண்டெனாவை ஏன் திருப்ப வேண்டியதில்லை?



ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிந்த நாளில் நம் எண்ணூர், திருவொற்றியூர் மொட்டைமாடிகளிலிருந்தே பார்க்கலாம். 'அது செயற்கைக்கோளை வானத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்' என்று மாணவர்கள் சொல்வதை நான் அடிக்கடி கேட்கிறேன்.

கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய எஜுசாட்டை எடுத்துக்கொள்வோம். 2004 செப்டம்பர் 20 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் அதை நீள்வட்டப் பாதையில் விட்டது. அப்பாதை புவிக்கு மிக அருகில் வருமிடம் சுமார் 180 கி.மீ. உயரம், மிகத் தொலைவு ஏறத்தாழ 36,000 கி.மீ. பிறகு செயற்கைக்கோள் தன் எஞ்சினை இயக்கி, நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கி.மீ. உயர வட்டப்பாதையை அடைந்தது. அங்கே நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆனது. புவி தன்னைத்தானே சுற்றவும் அதே நேரம்தான். ஆகவே நம் டிஷ்ஷுக்கு அது நிற்பதாகவே தெரிந்தது.

வகுப்பில் ஒரு மாணவியை நடுவில் மெல்லச் சுழலச் சொல்வேன். இன்னொருத்தி அவள் முகத்துக்கு நேராகவே சுற்றி ஓடுவாள். நடுவில் இருப்பவள், "அவள் என் எதிரிலேயே நிற்கிறாள்" என்பாள். வகுப்பு, "ஓடுகிறாள்" என்று கத்தும்.

'நிற்கிறது' என்றே மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, 'அது ஏன் கீழே விழவில்லை?' என்ற கேள்வியே எழாது. அடுத்த ராக்கெட்டைப் பார்க்கப் பிள்ளைகள் மாடி ஏறுமுன், இதை ஒருமுறை செய்து காட்டுங்கள்.